நாய்க்குட்டிக்கு நான் காட்டிய மூலை

என் மகன் ஜெரினுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. நாய்க்குட்டி மூன்றே நாளில் அமைந்துவிட்டது. வேடசந்தூரில் ஒரு மில் சூப்பர்வைசர் வீட்டில் போட்ட குட்டி. போட்டோ வந்தது, வீடியோ வந்தது, தாயும் தகப்பனும் பெங்களூர்ப் பக்கம் என்று விவரம் வந்தது, பையனுக்குப் பிடித்துவிட்டது. பெண் வீட்டார் அனுப்பும் போட்டோவை இரண்டு வாரம் திறக்காமலே வைத்திருப்பவன், இந்த வீடியோவை ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தான்.

ஷிட்ஸு என்று ஒரு வகையாம். முழுசாக வளர்ந்தாலும் ஒரு முழம்தான் இருக்குமாம். கண்ணை மறைத்து மூக்கு வரைக்கும் முடி. திபெத்துக் குளிருக்கென்று ஆண்டவர் போர்த்திவிட்ட கம்பளியோடு அது சித்திரை மாதத்தில் திண்டுக்கல்லுக்கு வருகிறது.

"வெயில் தாங்குமாடா அது?" என்று கேட்டேன்.

"ஹாலுக்கு ஒரு கூலர் வாங்கிருவோம்மா."

நான் முப்பத்திரண்டு வருடம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நின்று கணக்குப் பாடம் நடத்தியவள். புஷ்பமேரி டீச்சருக்கு வெயில் தாங்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது, இன்னும் யாரும் கேட்கவில்லை. பரவாயில்லை, நாய் புண்ணியத்தில் ஹாலுக்கு கூலர் வந்தது.

குட்டி வருவதற்குப் பத்து நாள் முன்பே ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. ஜெரின் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தான், மொத்தம் நாற்பத்தொரு வரி. தரையில் ஒயர் கிடக்கக் கூடாது. பினாயில் பாட்டில் எட்டும் உயரத்தில் இருக்கக் கூடாது. திராட்சை ஆகாது, சாக்லேட் ஆகாது, வெங்காயம் ஆகவே ஆகாது. ஒரு துண்டு தின்றாலும் ரத்தம் கெட்டுவிடுமாம். லாரி லாரியாகச் சின்ன வெங்காயம் வந்து இறங்குகிற ஊரில், எங்கள் வீட்டுத் தரையில் ஒரு வெங்காயம் உருளக் கூடாது என்று சட்டம் வந்தது. அடுப்படியில் கீழே இருந்த கூடை பரண்மேல் ஏறியது. அன்றிலிருந்து ஒவ்வொரு குழம்புக்கும் நான் ஸ்டூலில் ஏறி இறங்கினேன். என் முழங்காலைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரியும் இல்லை.

என் வீட்டுக்காரர் இருதயநாதன், மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், சும்மா இருப்பாரா? எங்கள் வீட்டில் மாடிப்படி வெளியே போர்ட்டிகோவில் இருந்து ஏறுகிறது. குட்டி அதில் ஏறி விழுந்துவிடும் என்று அடியில் ஒரு கம்பிக் கதவு போட்டார். கதவு போட்டால் கொக்கி போதும். ஆனால் அவர் இந்த ஊர்க்காரர். ஆறு லீவர் பூட்டு ஒன்றை வாங்கிவந்து தொங்கவிட்டார். பூட்டின் எடை ஒரு கிலோ. குட்டியின் எடையும் ஒரு கிலோதான் என்று ஜெரின் சொன்னான்.

"சாவி ரெண்டு இருக்கு. ஒண்ண நீ பத்திரமா வச்சுக்க" என்று என்னிடம் கொடுத்தார்.

"மூணாவது சாவிய நாயி செஞ்சுக்கிருமா?" என்றேன். அவருக்குக் கோபம் வந்து வாக்கிங் போய்விட்டார். தினமும் நாலு மணிக்குப் போகிறவர்தான், அன்று மூன்றரைக்கே போனார்.

பிறகு பெயர். கத்தோலிக்கர் வீட்டில் நாய்க்குப் பெயர் வைப்பது லேசான காரியம் இல்லை. மற்றவர்கள் நாய்க்கு வைக்கிற பெயரை எல்லாம் நாங்கள் ஏற்கெனவே சொந்தக்காரர்களுக்கு வைத்துவிட்டோம். ஜூலி, அகரத்தில் இருக்கும் என் நாத்தனார். ரோஸி, ஜெரினின் ஞானத்தாய். டெய்சி, எங்கள் பழைய தலைமையாசிரியை, நடுச்சாலையில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் மோமோ என்று வைத்தான். அது ஏதோ தின்பண்டத்தின் பெயராம். அந்தப் பெயரில் நமக்கு எந்தப் புனிதரும் இல்லை என்பதால் நானும் ஒத்துக்கொண்டேன்.

இந்தக் கதையில் தப்பு செய்தது யார் என்பதைக் கடைசிவரை ஒளித்து வைக்க எனக்குப் பொறுமை கிடையாது. நான்தான். எப்படி என்று சொல்வதற்கு முன்னால் பக்ருன்னிசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பக்ரு எங்கள் அடுத்த வீடு. அவள் வீட்டுக்காரர் அக்பர் அலி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார். கடை அங்கே இருந்தாலும் அடுப்படி இங்கேதான். மதியம் இரண்டு மணிக்கு ராத்திரி வியாபாரத்துக்கான வேலை அந்த வீட்டில் ஆரம்பிக்கும். வெங்காயம் உரிக்க ஐந்து பேர், இஞ்சி பூண்டு அரைக்கிற கிரைண்டர், கறி கொண்டுவருகிற வண்டி, இடையில் அவள் மகன் ரஃபி போனில் போடும் சத்தம். அந்த வீட்டில் சாயங்காலம் ஒரு மனுஷி உட்கார இடம் கிடைக்காது.

அதனால் நாலே காலுக்கு அவள் என் வீட்டுக்கு வருவாள். இருவரும் டீ குடிப்போம். நான் ஊரில் உள்ள எல்லோரையும் நையாண்டி செய்வேன், அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். சாயங்காலத் தொழுகையான அஸருக்குப் பாங்கு சொன்னதும் பின்பக்கக் குழாயில் கை கால் முகம் கழுவி ஒளு செய்துகொண்டு, ஹாலில் மேற்குச் சுவர் மூலையில் பாயை விரித்துத் தொழுவாள். அந்தப் பத்து நிமிடம் நான் அடுப்படியில் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருப்பேன். நான் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் ஒரு நாளில் அது ஒன்றுதான். தொழுது முடித்துப் பாயை மடித்து என் பீரோவிலேயே வைத்துவிட்டுப் போவாள்.

பதினோரு வருடமாக இப்படி. அவள் மகள் ஃபாயிஸா என்னிடம் டியூஷன் படித்தபோது ஆரம்பித்தது. கூட்டிப்போக வந்தவள் மழையில் மாட்டிக்கொண்டு, "செத்த நேரம் இங்கனயே தொழுதுக்கிறவா?" என்று கேட்டாள். ஃபாயிஸா கல்யாணமாகித் திருச்சிக்குப் போய்விட்டாள், இவள் வருவது நிற்கவில்லை. அப்போது அந்த மேற்குச் சுவரில் எங்கள் இருதய ஆண்டவர் படம் சிவப்பு பல்போடு இருந்தது. படத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எப்படித் தொழுவாள் என்று ஒரு வாரத்துக்குள் அதை எதிர்ச்சுவருக்கு மாற்றினேன். கேட்டவர்களிடம் மேற்குச் சுவரில் ஓதம் என்றேன். இதைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எங்களுக்குள் எல்லாப் பேச்சும் உண்டு, இந்தப் பேச்சு மட்டும் நடந்ததே இல்லை.

ஜெரினுக்கு இது தெரியாது. படித்தது கோயம்புத்தூர், வேலை பெங்களூர், வீட்டில் இருந்தே வேலை பார்க்கிறேன் என்று வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நாலு மணியில் இருந்து ஆறு மணி வரை மாடி அறையில் காதில் மாட்டிக்கொண்டு யாரிடமோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பான். பக்ரும்மா டீ குடிக்க வருகிறார்கள் என்பது வரைக்கும்தான் அவனுக்குச் செய்தி.

குட்டி வரும் சனிக்கிழமைக்கு முந்திய ஞாயிறு. பூசை முடிந்து வந்து நான் கறிக்குழம்புக்கு அம்மியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஜெரின் போனைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினான். பட்டியலில் பதினேழாவது வரி: குட்டி படுக்க ஒரு மூலை வேண்டும். காற்று வரணும், வெயில் படக் கூடாது, காலடி படக் கூடாது, மனசுக்கு நிம்மதியான இடமாக இருக்கணும்.

"எங்கம்மா வைக்கலாம்?"

"அந்த மேக்குச் செவுத்து மூலதாண்டா. வீட்டுலயே அம்புட்டு அமைதியான எடம் வேற கெடையாது."

சொன்னது நான்தான். யோசித்துக்கூடச் சொல்லவில்லை, கேட்ட நிமிடமே சொன்னேன். கணக்கு டீச்சர் அல்லவா, விடை தெரிந்துவிட்டால் கையை உயர்த்தாமல் இருக்க முடியாது.

மத்தியானத்துக்குள் மூலை தயாராகிவிட்டது. வட்டமாக ஒரு பஞ்சு மெத்தை, இரண்டு ஸ்டீல் கிண்ணம், கடித்து விளையாட ரப்பர் எலும்பு, ராத்திரி பயப்படாமல் கட்டிப்பிடித்துத் தூங்க ஒரு பொம்மைக் கரடி. பிறந்து ஆறு வாரமான நாய்க்குக் கரடியைக் காட்டினால் பயம் போகும் என்று எந்த டாக்டர் சொன்னாரோ.

நாலே காலுக்கு பக்ரு வந்தாள். நான் டீ போட அடுப்படிக்குள் போனேன். லீவு நாளில் அந்த நேரம் மாடியில் தூங்குகிற ஜெரின் அன்று நாய் வேலையாகக் கீழேயே இருந்தான். நாற்பத்தொரு வரியையும் அவளுக்குப் படித்துக் காட்டுவது எனக்குக் கேட்டது, அவள் சிரிப்பதும் கேட்டது. நான் டீயோடு வந்தபோது அவள் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள்.

டீயைக் குடித்தாள். பாங்கு சொன்னது. அவள் எழுந்து நேராக பீரோவைத் திறந்து பாயை எடுத்தாள்.

"தொவச்சு ரொம்ப நாளாச்சு புஷ்பம். வீட்டுக்குக் கொண்டு போறேன். இன்னிக்கு அங்கயே தொழுதுக்கிறேன், ரஃபி மாமனார் வீட்டாளுக வாராக."

பாயைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மெத்தையைப் பார்த்தேன், கரடியைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஊரையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கிற நான், அவள் கேட்டைச் சாத்திக்கொண்டு போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை வரவில்லை. காலையில் சுவருக்கு மேலே இரண்டு பழைய காட்டன் சேலையைத் துவைத்து மடித்துக் கொடுத்தாள். "குட்டிக்கு விரிக்க. பட்டுப் போல இருக்கும்." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். செவ்வாய்க்கிழமை முழங்கால் வலி என்றாள். புதன்கிழமை தன் அண்ணனுக்குச் சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரி போக வேண்டும் என்றாள். மூன்று நாளும் நான் பழக்கத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டு இரண்டையும் நானே குடித்தேன். ராத்திரி தூக்கம் வராததற்கு டீதான் காரணம் என்று வீட்டில் சொன்னேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஜெரினிடம் சொன்னேன். அந்த மூலையில் பக்ரு தொழுவாள், மெத்தையை எடு என்று.

அவன் சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டான். "எனக்குத் தெரியவே தெரியாதேம்மா."

"எனக்குத் தெரியுமே" என்றார் இருதயநாதன், மோர்மிளகாயைக் கடித்துக்கொண்டே.

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதான?"

"நீ சொல்லிருப்பன்னு நெனச்சேன்."

இப்படி ஒரு மனுஷனோடு முப்பது வருடம்.

"சரிம்மா, சோபாவுக்குப் பக்கத்துல மாத்திருவோம்" என்றான் ஜெரின்.

"சோபா என்ன, பரண்மேல வச்சாலும் ஒண்ணுதான். ஹாலெல்லாம் ஓடும், நக்கும். நாயி எச்சி பட்ட எடத்துல அவுக தொழ மாட்டாக. ஹாலுக்குள்ளயே வரக் கூடாது."

"கொஞ்ச நாள் ஆனா பழகிரும்மா. மோமோ ரொம்ப ஃபிரெண்ட்லி டைப்."

எனக்கு வந்ததே கோபம். "யாருடா பழகணும்? அவளா? நோன்புக்கு நோன்பு கஞ்சிக்குத் தூக்குச்சட்டியோட அவ வாசல்ல நின்னியே, ஒன்னைய எப்பவாச்சும் வெளிய நில்லுன்னு சொன்னாளா? இன்னும் வீட்டு வாசலே மிதிக்காத ஒரு நாயிக்காக அவ பழகணுமா? மாடியில ஒன் ரூமுல ஏசி இருக்கு. அங்க வச்சுக்க."

"எனக்கு மீட்டிங் இருக்கும்மா. கொரைச்சா என்ன பண்றது?"

ஆக, பகலெல்லாம் நாயைப் பார்த்துக்கொள்வது யார் என்பது நாற்பத்தொரு வரியில் எழுதாமலே முடிவாகியிருந்தது. "அப்ப எதுக்குடா வாங்குற?" என்று கேட்டேன்.

தட்டில் இருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினான். "பகல் பூராம் அந்த ரூமுல ஒரு ஆளு மொகத்தப் பாக்க முடியலம்மா. ஸ்கிரீன்தான். பேச்சுத் தொணைக்கு ஏதாச்சும் இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. மூன்று வருடமாக இவனுக்குப் பெண் பார்க்கிற நான் ஒரு நாளும் இதைக் கேட்டதில்லை. ஆனால் என் வாய் கனிந்து பேசிப் பழகாத வாய். "தொணைக்குன்னா தொணையோட இரு. அது மாடியில, நீயும் மாடியில. கொரைச்சா ஒன் மேனேஜரும் கேக்கட்டும்" என்றேன்.

ஜெரின் சாப்பிட்டு எழுந்து மெத்தை, கிண்ணம், கரடி எல்லாவற்றையும் இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனான். அவன் நல்ல பையன்தான். அதை அவனிடம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பாங்கு சொன்னதும் நான் அவள் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடத்தில் அந்த நேரத்தில் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. வாசலில் வெங்காயத் தோல் கணுக்கால் உயரத்துக்குக் கிடந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, "அக்கா தொழுகுறாக" என்று உள்ளறையைக் காட்டினாள்.

அரிசி மூட்டை அடுக்கி வைக்கிற அறை. மூட்டைகளுக்கு நடுவில் பாய் அகலத்துக்கு மட்டும் இடம். சுவருக்கு அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. பக்ரு நெற்றியைத் தரையில் வைத்திருந்தபோது யாரோ, "அக்கா, ஏலக்கா டப்பா எங்க?" என்று கத்தினார்கள். பதில் வராததால் இன்னொரு தடவை கத்தினார்கள். நான் கதவுக்கு வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

அவள் முடித்துத் திரும்பி என்னைப் பார்த்தாள். "வா புஷ்பம். உக்காரு" என்று சொல்லிவிட்டு எங்கே உட்காருவது என்று அவளே சுற்றிப் பார்த்தாள்.

"மெத்தைய மாடிக்கு ஏத்தியாச்சு. நாயி கீழயே வராது. நாளைக்கு வா" என்றேன். விடையைப் போட்டுவிட்டேன், மார்க் கொடு என்பது மாதிரி நின்றேன்.

"எனக்காக எதையும் மாத்த வேணாம். ஆசப்பட்டு வாங்குறான் புள்ள. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

"அவனே ஒத்துக்கிட்டான்டி."

"அவன் ஒத்துக்குவான். அவனுக்குத் தெரியாது." பாயை மடித்துக்கொண்டே சொன்னாள். "மூலயக் காட்டுனது நீதானாமே. அம்மாதான் காட்டுனாங்க பக்ரும்மான்னு பெருமையாச் சொன்னான்."

ஞாயிற்றுக்கிழமை நான் அடுப்படியில் இருந்தபோது சொல்லியிருக்கிறான்.

"நாயி வாரதுல எனக்குக் கோவம் இல்ல புஷ்பம்" என்றாள். "ஒன் வீடு, ஒன் புள்ள. ஒரு வார்த்த, பக்ரு, இப்படி ஒண்ணு வருது, நீ என்ன செய்வன்னு கேட்டிருந்தா போதும். பதினோரு வருஷம் அந்த எடத்துல நெத்திய வச்சிருக்கேன். அங்க நான் இருந்ததே ஒனக்கு ஞாபகம் இல்லாமப் போச்சே."

"ஆமா, நான்தான் காட்டுனேன்" என்றேன். "ஞாபகம் இல்லாம இல்லடி. வீட்டுலயே நிம்மதியான எடம் எதுன்னு கேட்டான். நீ அங்க இருந்து எந்திரிச்சு வரும்போது ஒன் மொகத்தத் தெனமும் பாக்கிறேனே, அதான் வாயில வந்துருச்சு. யோசிக்காம சொல்லிட்டேன். தப்புதான். மன்னிச்சிரு."

மன்னிச்சிரு என்ற வார்த்தை என் வாயில் இருந்து வந்து எவ்வளவு காலம் ஆனதோ, எனக்கே சத்தம் புதிதாக இருந்தது. கிரைண்டர் நின்றிருந்தது. வெளியே உரித்துக்கொண்டிருந்தவர்களின் பேச்சும் நின்றிருந்தது. நாளைக்கு ஊருக்கே தெரிந்துவிடும்.

பக்ரு பாயை ஒரு மூட்டைமேல் வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு வாரேன். ஆனா அந்த மூலய மூணு தடவ நல்லாக் கழுவி விட்டுறணும்."

"நாயி இன்னும் வரவே இல்லயேடி. அது ஒரு கால்கூட வைக்கல. எதுக்குக் கழுவ?"

"நாயிக்கா கழுவச் சொன்னேன்? ஒனக்குச் சொன்னேன்."

பதினோரு வருடத்தில் அவள் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் வேலை அது. என்னைத் திட்டியதும் அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுவினேன். ஜெரின் துடைப்பத்தைக் கேட்டான், கொடுக்கவில்லை. குழாயில் தண்ணீர் வர இன்னும் நாலு நாள் இருந்தது. தொட்டியில் இருந்த தண்ணீரை மூன்று தடவையும் தாராளமாகவே ஊற்றினேன்.